கடைசி வாரம் இல்லாத பைண்டு

மே 2, வியாழன்

சித்திரைத் தேரும் ஓட்டும் ஒரே நாளில் வந்த வருஷம் இது. மதுரையில் ஒரு கையால் வடம் பிடித்து மறு கையில் மை வைத்துக்கொண்டார்கள் என்று பஸ் டிரைவர் சொன்னார். இதற்கு முந்தின கார்த்திகை பிறக்கிற சமயத்தில்தான் கஜா புயல் எங்கள் மலைமேல் ஏறி, சில்வர் ஓக் மரங்களை வேரோடு பிடுங்கிப் போட்டுவிட்டு இறங்கிப் போனது. இந்த இரண்டையும் சொன்னால் எந்த வருஷம் என்று யாருக்கும் விளங்கிவிடும். எனக்கு அந்த எண் எழுத வராது. எந்த எழுத்தும் வராது.

சொல்கிறவன் சடையாண்டி, தாண்டிக்குடிக்கு மேலே காப்பித் தோட்டத்து பங்களாவுக்குக் காவல்காரன். எழுதுகிறவள் என் மகன் பெண்டாட்டி மாரீஸ்வரி. சமையலை முடித்துவிட்டு அடுப்படி வாசலில் உட்கார்ந்து எழுதுகிறாள். "மாமா, மெதுவாச் சொல்லுங்க, எனக்கென்ன நாலு கையா இருக்கு" என்கிறாள். அதையும் எழுதச் சொன்னேன்.

இப்படி எழுதி வைக்கச் சொன்னவர் எத்திராஜ் சார். செல்போனில் கூப்பிட்டு, "யோவ், இந்த வருஷம் நாங்க ரெண்டே பேருதான். நடக்கிறத தினமும் சொல்லி எழுதி வையி. உன் தலையில இருக்கிறது உன்னோட போயிரக் கூடாது" என்றார்.

ஒரு காலத்தில் நாலு பேர் வருவார்கள். எத்திராஜ் சார், பங்கஜவல்லி அம்மா, ஜப்பார் சார், தெரசா அம்மா. மதுரை டெலிபோன் ட்ரங்க் எக்ஸ்சேஞ்சில் காதில் மாட்டிக்கொண்டு ஊருக்கு ஊர் லைன் போட்டுக் கொடுத்தவர்கள். எமர்ஜென்சி முடிந்த கோடையில் முதல்முதலாக வந்தார்கள். பங்களா எத்திராஜ் சாரின் மாமனாருடையது. வருஷம் பூராவும் அடுத்தவர் பேச்சைக் கேட்டுக் காது புளித்துப்போய், மே மாதத்தில் புத்தகம் படிக்க மட்டுமே வருவார்கள். நாளைக்கு வருகிறார்கள். பிரம்பு நாற்காலியை எல்லாம் துடைத்தேன். நாலையும்தான்.

மே 3, வெள்ளி

மத்தியானம் வந்து இறங்கினார்கள். பங்கஜவல்லி அம்மா வண்டியை விட்டு இறங்கி, படி ஏறுவதற்குள் மூன்று இடத்தில் நின்றார். இருமல் தொண்டையில் இல்லை, அடி நெஞ்சில் இருந்து வருகிறது.

"என்ன சடையாண்டி, படியைக் கூட்டிட்டீங்களா? போன வருஷம் இவ்வளவு இல்லையே."

"அதே படிதாம்மா."

"அப்ப நாந்தான் குறைஞ்சுட்டேன்" என்று சிரித்தார்.

எத்திராஜ் சார் புத்தகப் பெட்டியை இறக்கும்போது என்னைக் காப்பிச் செடிப் பக்கம் தள்ளிக்கொண்டு போனார். "நாளைக்குப் பங்கஜத்துக்குக் கனமா ஒண்ணு எடுய்யா. தலகாணி மாதிரி. பத்து நாள்ல முடிக்க முடியாததா. புரியுதுல்ல?"

புரிந்தது. ஏன் என்று மாரீஸ்வரி கேட்கிறாள். அவளுக்காகச் சொல்கிறேன்.

பகலில் அவரவர் எந்தப் புத்தகத்தையும் படிக்கலாம், முடிக்கலாம். சாயங்காலம் மற்றவர்களுக்கு உரக்கப் படிக்கிற புத்தகம் ஆளுக்கு ஒன்று. அதை மட்டும் முடிக்கக் கூடாது. கொஞ்சம் மீதி வைத்து அலமாரியில் வைத்துவிட்டு ஊருக்குப் போகவேண்டும். சிலோனில் இருந்து சனங்கள் படகேறி வந்த வருஷம் தொடங்கிய வழக்கம் இது. அந்தக் கோடையில் எத்திராஜ் சாருக்கு ஒரு பைண்டு வாய்த்தது. வாரப் பத்திரிகையில் வந்த தொடர்கதையை வாரா வாரம் கிழித்துச் சேர்த்துத் தைத்து, காலிகோ துணி ஒட்டியது. கடைசியில் பார்த்தால் கடைசி வாரம் இல்லை. எல்லாரும் சிரித்தார்கள். "மிச்சத்துக்காகவாவது அடுத்த வருஷம் வந்துதானே ஆகணும்" என்றார் தெரசா அம்மா. அதில் இருந்து எல்லாருமே வேண்டுமென்றே மீதி வைத்தார்கள். விளையாட்டுத்தான்.

சுனாமி வந்த வருஷத்துக் கோடையில், கொலைகாரன் யார் என்று தெரியாமல் ஊருக்குப் போக முடியாது என்று தெரசா அம்மா துப்பறியும் கதையை முடித்தார். சுனாமிக்கு மூன்று நாள் முன்னால் தூக்கத்திலேயே போய்விட்டார். பழைய நோட்டு செல்லாது என்று அறிவித்த வருஷம் ஜப்பார் சார், "இதெல்லாம் ஒரு பேச்சா, முடிச்சுக் காட்டுறேன் பாரு" என்று காசிப் பயணப் புத்தகத்தை எங்கள் முன்னாலேயே கடைசி வரி வரைக்கும் படித்து டப்பென்று மூடினார். அந்த ஐப்பசி மழைக்கு அவர் இல்லை.

அதற்கப்புறம் யாரும் இதைப் பற்றிப் பேசுவதில்லை. பேசாமல் மீதி வைக்கிறார்கள்.

மே 4, சனி

இன்று புத்தகம் எடுக்கிற நாள். பெரிய மேஜையில் எல்லாவற்றையும் பரப்புவார்கள். எல்லாம் ஒரே மாதிரி பேப்பர் அட்டை போட்டிருக்கும். பேய்க்கதை, துப்பறியும் கதை, சரித்திரக் கதை, யாத்திரை, பக்தி, வைத்தியம், சமையல், எல்லா வகையும் உண்டு. எடுத்துக் கொடுப்பது நான். ஜப்பார் சார் ஏற்படுத்தின சட்டம் அது. "படிச்சவன் எடுத்தா தனக்குப் பிடிச்சதையே எடுப்பான். எழுத்துத் தெரியாத கை எடுத்தாத்தான் எல்லாம் எல்லாருக்கும் வரும்" என்பார். அவருக்கே ஒரு வருஷம் சமையல் புத்தகம் வந்துவிட்டது. விரால் மீன் குழம்பைப் பேய்க்கதை மாதிரிக் குரலை இறக்கிப் படித்தார். "இப்போது… மீனின் தலையை… மெதுவாக…" என்றதும் தெரசா அம்மா சிரித்துச் சிரித்து நாற்காலியோடு சாய்ந்துவிட்டார்.

இன்று காலையில் பங்கஜவல்லி அம்மா வெந்நீர் கேட்கிற சாக்கில் அடுப்படிக்கு வந்தார். மாரீஸ்வரி காய் நறுக்கிக்கொண்டு இருந்தாள். அவளை வைத்துக்கொண்டே சொன்னார்.

"சடையாண்டி, எனக்கு மெலிசா ஒண்ணு எடுத்துக் குடுங்க. ரெண்டு நாள்ல முடியிற மாதிரி."

"வேண்டாம்மா."

"அண்ணன் மகன் வீட்டு ஹால்ல கட்டில் போட்டுட்டான். டிவிக்கும் ஷூ ஸ்டாண்டுக்கும் நடுவுல. அதுல எத்தனை மாசம் கிடக்கணும்னு டாக்டருக்கும் தெரியலை. எனக்கு இங்கேயே லைன் கட்டாயிட்டா நல்லது. எத்திராஜ்கிட்டச் சொல்லாதீங்க."

ஒருவர் கனமாகக் கேட்கிறார், ஒருவர் மெலிசாகக் கேட்கிறார். மேஜை முன்னால் நின்றேன். எத்திராஜ் சாருக்குச் சரித்திரக் கதை வந்தது, நல்ல பருமன். அடுத்து பங்கஜவல்லி அம்மாவுக்குக் கை வைத்தேன். கனமாக ஒன்று வந்தது. எத்திராஜ் சார் முகம் தெளிந்தது. அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தார்.

பிரித்தால், அது பைண்டு. பழைய பைண்டு. எத்திராஜ் சார் மீதி வைத்த அதே பைண்டு.

புயலில் ஓடு பறந்து அலமாரி நனைந்தபோது, உள்ளே இருந்த புத்தகங்களை எல்லாம் காயப்போட்டு மாரீஸ்வரிதான் புது பேப்பர் அட்டை போட்டாள். பழசும் புதுசும் கலந்திருக்கும். கை தவறியிருக்கலாம். காலிகோ முதுகை பேப்பருக்கு மேலேயே தடவித் தெரிந்துகொள்ளலாம் என்று மாரீஸ்வரி சொல்கிறாள். வயசான கை, என்னத்தைத் தெரியும்.

எடுத்ததை மாற்றக் கூடாது என்பது சட்டம்.

மே 5, ஞாயிறு

காட்டுமாடு இறங்கி பீன்ஸைத் தின்றுவிட்டுப் போயிருக்கிறது. வேலி கட்டினேன்.

மே 6, திங்கள்

சாயங்காலம் மஞ்சு ஏறி ஹாலுக்குள்ளேயே வந்துவிட்டது. லைட்டைச் சுற்றிப் புகை மாதிரி நின்றது. நாலு நாற்காலியும் வட்டமாகப் போட்டிருந்தேன். இரண்டு பேர் உட்கார்ந்தார்கள்.

பங்கஜவல்லி அம்மா படிக்கும்போது மட்டும் இருமல் வருவதில்லை. எக்ஸ்சேஞ்ச் குரல் அது, வயசாகவே இல்லை. கதை ஒரு ஸ்டேஷன் மாஸ்டரைப் பற்றியது. பெண்டாட்டி கோபித்துக்கொண்டு ரயிலேறிப் போய்விடுகிறாள். ஒவ்வொரு ரயிலுக்கும் விளக்கைத் தூக்கிக்கொண்டு நின்று பார்க்கிறார். நடுநடுவே பத்திரிகையில் வந்த நகைச்சுவைத் துணுக்கு, தலைவலித் தைல விளம்பரம் எல்லாம் சேர்ந்து தைத்திருக்கிறது. அதையும் விடாமல் படித்தார். அதனால் பருமன் பெரிதே தவிர, கதை சின்னது. சரசரவென்று ஓடுகிறது.

"மெதுவாப் படி பங்கஜம். யாரு துரத்துறா?" என்றார் எத்திராஜ் சார்.

"உங்க கதைதானே, எப்படியும் முடிவு கிடையாதே. அப்புறம் என்ன பயம்?"

"பயமா? எனக்கா?" என்றார். பக்கத்தில் காலியாகக் கிடந்த நாற்காலியைத் தன் பக்கம் கொஞ்சம் இழுத்துப் போட்டுக்கொண்டார். அது ஜப்பார் சார் நாற்காலி.

மே 8, புதன்

ஜப்பார் சார் நாற்காலியில் பிரம்பு நடுவில் அழுந்திப்போய் இருக்கிறது. ஈரத்துக்கு அப்படி ஆகும். மாரீஸ்வரி அந்த ஹாலைக் கூட்டமாட்டேன் என்கிறாள். நானே கூட்டினேன். பைண்டில் இன்னும் ஒரு நாள் வாசிப்புக்குத்தான் இருக்கிறது.

மே 9, வியாழன்

இன்று நடந்ததைச் சொல்வதற்கு முன்னால் ஹாலில் இருக்கிற டெலிபோனைப் பற்றிச் சொல்லவேண்டும். கறுப்புப் போன். மாமனார் காலத்தது. லைனைத் துண்டித்து எத்தனையோ வருஷம் ஆகிறது. வெளியே தொங்கிக்கொண்டு இருந்த ஒயரை நான்தான் அறுத்து அவரைப் பந்தலுக்குக் கட்டினேன்.

சாயங்காலம் பங்கஜவல்லி அம்மா கடைசிப் பக்கத்துக்கு வந்தார். ரயில் வருகிற சத்தம் கேட்கிறது, ஸ்டேஷன் மாஸ்டர் விளக்கை எடுக்கிறார், அடுத்த வாரம் முடியும் என்று போட்டிருக்கிறது. அதற்குப் பிறகு வெறும் அட்டை. அம்மா அட்டையைத் தடவிப் பார்த்தார். "இதுக்கு மேல இல்லை. எனக்கு முடிஞ்சது முடிஞ்சதுதான்" என்று சொல்லி மூடினார்.

போன் அடித்தது.

இரண்டு மணி. நிறுத்தி, இரண்டு மணி. மாரீஸ்வரி கையில் இருந்த டம்ளரைக் கீழே போட்டாள். எத்திராஜ் சார் எழுந்திருப்பதற்குள் அம்மா ஒன்றுமே நடக்காத மாதிரிப் போய் எடுத்தார்.

"ட்ரங்க்ஸ்… சொல்லுங்க… யாரு, தெரசாவா? ஏண்டி, இன்னமுமா டியூட்டில இருக்கே?" கொஞ்ச நேரம் கேட்டார். ம், ம் என்றார். "இல்லை, இப்ப வேண்டாம். கதையில கடைசி வாரம் பாக்கி இருக்கு, அதைக் கேட்டுட்டு வரேன். வெயிட்டிங்ல போடு" என்று வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். உட்கார்ந்ததும் இருமல் பிடித்துக்கொண்டது.

"என்ன சொன்னா?" என்றார் எத்திராஜ் சார்.

"அங்கேருந்து இந்த பங்களாவுக்கு ஒரு கால் புக் ஆகியிருக்காம்."

"உன் பேருக்கா?"

"அதான் வேடிக்கை. பேரு போடலையாம். கதை முடிஞ்சும் முடியலை பாருங்க, அதனால ஆளு யாருன்னு எழுதலையாம்."

இது எனக்கும் தெரியும், நாற்பது வருஷமாக இவர்கள் பேச்சைக் கேட்கிறேன். அந்தக் காலத்தில் இன்னாரிடம்தான் பேசவேண்டும் என்று பேர் சொல்லிப் போடுவது பி.பி. கால். அந்த ஆள் வரும்வரை லைன் தரமாட்டார்கள். பேர் போடாத கால் என்றால் அந்தப் பக்கம் யார் எடுத்தாலும் சரி.

வெளியே போய்ப் பார்த்தேன். ஒயர் அவரைப் பந்தலில்தான் இருந்தது. பூ விட்டிருக்கிறது.

மே 10, வெள்ளி

அம்மாவுக்கு மூச்சு இழுக்கிறது. படுக்கவும் முடியவில்லை, உட்காரவும் முடியவில்லை. கீழே இருந்து டாக்டரைக் கூட்டிவந்தோம். மதுரைக்குக் கொண்டுபோங்கள் என்றார். அம்மா கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு விடவில்லை.

என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "சடையாண்டி, அந்தக் கதை பத்திரிகையில வந்தப்ப இந்த மலையில யாராவது படிச்சிருப்பாங்கல்ல? கடைசி வாரம் என்னாச்சுன்னு கேட்டுச் சொல்லுங்க. நடுவுல தொங்குறேன்யா நான். அதைக் கேட்டா முடிஞ்சிரும்."

"யாரும்மா இருக்கா இப்ப, கேக்கறதுக்கு" என்றேன்.

மே 11, சனி

மாமா இன்று ஒன்றும் சொல்லவில்லை. சாப்பிடவும் இல்லை. எழுதியது மாரீஸ்வரி.

மே 12, ஞாயிறு

காலையில் எத்திராஜ் சார் பலாமரத்தடிக்கு வந்தார். நான் மலைவாழைக்கு முட்டுக் கொடுத்துக்கொண்டு இருந்தேன். மஞ்சில் அவர் இடுப்புக்குக் கீழே தெரியவில்லை.

"யோவ். உனக்கு அந்தக் கதை தெரியும்ல?"

நான் முட்டுக்கழியை மண்ணில் அழுத்தினேன்.

"நீ பொய் சொல்றப்ப கேள்வியத் திருப்பிக் கேப்ப. 'யாரும்மா இருக்கா'ன்னு கேட்டியாம், பங்கஜம் சொன்னா. சொல்லுய்யா."

தெரியும். வியாழக்கிழமை வியாழக்கிழமை பத்திரிகை பஸ்ஸில் வரும். டீக்கடை காளியப்பன் கொதிக்கிற பாலை இறக்கி வைத்துவிட்டுத் தொடர்கதையை எல்லாருக்கும் உரக்கப் படிப்பான். அந்தக் கடைசி வாரம் பெஞ்சில் இடமில்லாமல் கூலிக்காரர்கள் ரோட்டில் நின்று கேட்டார்கள். ஒரு வரி மறக்கவில்லை. இத்தனை வருஷமாக இவர்கள் கேட்டதும் இல்லை, நான் சொன்னதும் இல்லை. முடிவு இல்லாததில்தானே அவர்களுக்குச் சந்தோஷம்.

"அம்மாகிட்ட மட்டும் சொல்லமாட்டேன் சார்" என்றேன்.

"அவகிட்டச் சொல்லாத. எங்கிட்டச் சொல்லு."

"உங்களுக்கு எதுக்கு சார்? உங்க கையில சரித்திரக் கதை இருக்கே, அது பாதிகூட ஆகலை."

"அது இந்த வருஷத்துப் பாக்கி. இது பழைய பாக்கி. பைண்டு யாருது? முதல்ல மீதி வச்சவன் யாரு? நாந்தான?"

நான் முட்டுக்கழியை விடவில்லை.

"சடையாண்டி, அவ என்கூட சிப்ட்டு பார்த்த காலத்துல, நடு ராத்திரியில ராங் கால் வந்தா, கெட்ட வார்த்தை பேசுறவன் லைன் வந்தா, 'எத்திராஜ், இதை நீங்க எடுங்க'ன்னு பிளக்கை மாத்திக் குடுப்பா. நானும் எடுத்துக்குவேன். அவ்வளவுதான்யா இது."

சொன்னேன். காளியப்பன் எப்படிப் படித்தானோ அப்படியே சொன்னேன். ரயில் வந்து நிற்கிறது. எல்லாப் பெட்டியில் இருந்தும் ஆட்கள் இறங்குகிறார்கள். பெண்டாட்டி இல்லை. கார்டு விசில் ஊதுகிறான். ஸ்டேஷன் மாஸ்டர் கையில் இருந்த விளக்கைப் போர்ட்டரிடம் கொடுத்துவிட்டு, தொப்பியைக் கழற்றி ஜன்னலில் வைத்துவிட்டு, ஓடுகிற ரயிலில் தானே ஏறிக்கொள்கிறார். அவர் எந்த ஊரில் இறங்கினார் என்று கதையில் இல்லை.

எத்திராஜ் சார் பலாமரத்தில் சாய்ந்துகொண்டார். "அட, இவ்வளவுதானா? இதுக்கா முப்பத்தாறு வருஷம்?" என்று சிரித்தார். நல்ல சிரிப்பு. ஜப்பார் சார் இருந்தபோது சிரிப்பாரே, அப்படி.

வீட்டுக்குள் போனவர் நேராகப் போனை எடுத்தார். அது அடிக்கவில்லை. நான் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். "எத்திராஜ் பேசறேன். அந்த வெயிட்டிங் கால்… ஆமா. எங்கிட்டயே குடு" என்றார். பிறகு யார் பேச்சையோ கேட்கிற மாதிரி நின்றார். "டீ குடிச்சிட்டு வரேன்" என்று சொல்லி வைத்தார்.

மாரீஸ்வரி இஞ்சி தட்டிப் போட்டு டீ கொடுத்தாள். முழுசாகக் குடித்தார். டம்ளரைக் கீழே வைத்துவிட்டுத் தன் நாற்காலியில் சாய்ந்தார். மடியில் சரித்திரக் கதை விரித்தபடியே இருந்தது. அதற்குமேல் அவர் பக்கத்தைப் புரட்டவில்லை.

மே 13, திங்கள்

எத்திராஜ் சாரின் மகன்கள் வந்து உடலை மதுரைக்குக் கொண்டுபோனார்கள். ஹார்ட் என்று டாக்டர் சொன்னார். இருக்கும்.

பங்கஜவல்லி அம்மா அந்த வண்டி மறைகிற வரைக்கும் வாசலில் நின்றார். பிடித்துக்கொள்ளாமல் நின்றார். இருமல் நேற்று டீ நேரத்தில் இருந்தே இல்லை.

மே 16, வியாழன்

அண்ணன் மகன் இன்றுதான் வந்தான். மூன்று நாளும் அம்மா நன்றாகச் சாப்பிட்டார். சோறும் அவரைக்காய்க் கூட்டும் இரண்டு தரம் கேட்டு வாங்கிக்கொண்டார். சாப்பிட்டதற்காக அழுதார்.

கிளம்பும்போது கேட்டார்: "எத்திராஜுக்கு முடிவைச் சொன்னீங்களாமே."

மாரீஸ்வரியைப் பார்த்தேன். அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"எனக்குச் சொல்லமாட்டீங்களா?"

"அது அவரு எடுத்துக்கிட்டது அம்மா. இனிமே எங்கிட்ட இல்லை."

"அண்ணன் மகன் வீட்டுக் கட்டில்ல போயிக் கிடக்கணும். எத்தனை வருஷமோ." என்மேல் கோபமா, என்ன என்று குரலில் தெரியவில்லை. "சாகணும்னு வந்தவ நான். இப்ப அந்த மனுஷன் குடுத்துட்டுப் போனதை வீணடிக்கவா முடியும்?"

ஹாலுக்குள் தனியாகப் போனார். அண்ணன் மகன் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தான். திரும்பி வந்து, "ரிசீவரை எடுத்துக் கீழே வச்சிருக்கேன். யாரும் மாட்டக் கூடாது. எங்கேஜ்டாவே இருக்கட்டும்" என்றார். வண்டியில் ஏறிக் கண்ணாடியை இறக்கி, "அடுத்த வருஷமும் நீங்கதான் எடுத்துக் குடுக்கணும். நல்ல கனமா" என்றார்.

அவர் போனதும் ஹாலைக் கூட்டப் போனேன். ரிசீவர் மேஜைமேல் கிடக்கிறது. கிட்டப் போனால் உள்ளே யாரோ மூன்று பேர் ஒருத்தர் மாற்றி ஒருத்தர் எதையோ உரக்கப் படிக்கிற மாதிரி இருக்கிறது. நான் காது வைத்துக் கேட்கவில்லை. விளக்குமாற்றை அங்கேயே வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

போதும் மாரீஸ்வரி. பேரை மட்டும் எழுதி வைத்துவிடு. தெரசா அம்மா இல்லை. ஜப்பார் சார் இல்லை. எத்திராஜ் சார் இல்லை. இருக்கிறவர் பங்கஜவல்லி அம்மா.